பதினாறில் பிடி

ஆர்.பி.எம். முள் பதினாறைத் தொட்டதும் சனியன் மறுபடி வந்துவிட்டது. பதினைந்து வரைக்கும் ஒன்றுமில்லை, லாரி தின்றுவிட்டுப் படுத்த எருமை மாதிரி உறுமிக்கொண்டு கிடக்கும். பதினெட்டைத் தாண்டினால் பாதி அடங்கிவிடும். பதினாறில்தான், சொல்லிவைத்த மாதிரி, அடிவயிற்றில் எவனோ உட்கார்ந்து தூணைப் பிடித்து உலுக்குகிற மாதிரி, தரை, சீட்டு, ஸ்டீயரிங், கண்ணாடி, பூபதியின் கடைவாய்ப் பல் எல்லாம் சேர்ந்து உதற ஆரம்பிக்கும். "பதினாறுலயே பிடிரா! ஏத்தாத, இறக்காத, நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காத!" என்று லாரிக்கு அடியிலிருந்து ரியாஸ் கத்தினார். பூபதி பிடித்தான். ஆக்சிலேட்டரை மிதிப்பது சுலபம், ஒரே இடத்தில் பிடிப்பதுதான் கொடுமை. கட்டைவிரலில் ஒரு நூல் பலம் கூடினால் முள் ஏறிவிடும், ஒரு நூல் குறைந்தால் இறங்கிவிடும், மூச்சு விடுவதைக்கூடப் பார்த்து விடவேண்டியிருந்தது. மூன்று நாளாக இதுதான் நடக்கிறது. முதல் நாள் இன்ஜினைத் தாங்குகிற ரப்பர்களை எல்லாம் மாற்றினார்கள். உதறியது. இரண்டாம் நாள் டீசல் பைப்பை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஆறு சிலிண்டரில் எது மக்கர் செய்கிறது என்று பார்த்தார்கள். ஆறும் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. உதறியது. இன்று காலையில் ஃபேனையே கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார்கள். அப்போதும் உதறியது. மாட்டிவிட்டு இப்போது ரியாஸ் அட்டைப்பெட்டியை விரித்துப் போட்டு மல்லாந்து படுத்து, ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, டாக்டர் மாதிரி ஒவ்வோர் இடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை. சங்ககிரி பைபாஸில் இருக்கிற இத்தனை பட்டறையில் யாரைக் கூட்டிவந்தாலும் பிடிபடாது. பூபதிக்குத் தெரியும். எந்த இடம், எந்தச் சாமான், எந்தக் கை என்பது வரைக்கும் தெரியும், ஏனென்றால் கை அவனுடையது.

செய்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. செய்யாமல் விட்டான். போனதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, இதே லாரிக்குக் கிளட்ச் பிளேட் மாற்றுகிற வேலை. பூபதிக்குத் தனியாகக் கிடைத்த முதல் கிளட்ச். "இனிமே நம்ம பட்டறையில கிளட்ச் வேலைன்னா பூபதிதான், நான் கையே வெக்கிறதில்ல" என்று ரியாஸ் வருகிற போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வயசில் அப்படி ஒரு பேச்சு கேட்டால் யாருக்கும் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருக்கத்தான் செய்யும். ஜும்மாவுக்குக் கிளம்பி, பைக்கில் உட்கார்ந்து, தொப்பியைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டே சொன்னார்: "கவரைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி புள்ளி குத்திக்கடா. மறந்து தொலைச்சுராத." அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் சொல்லத் தேவையில்லை, பட்டறையில் காலை வைத்த முதல் வாரமே தெரிந்துவிடுகிற விஷயம் அது. இன்ஜினின் வாலில் சுற்றுகிற கனத்த இரும்புச் சக்கரமும் அதன் முகத்தில் எட்டு போல்ட்டில் உட்காருகிற கிளட்ச் கவரும் ஜோடி. ரெண்டையும் சேர்த்துச் சுற்றவிட்டு, எந்தப் பக்கமும் எடை தூக்காமல் சரிபார்த்து அனுப்பிய ஜோடி. பிரித்தால், திரும்ப மாட்டும்போது அதே ஓட்டைக்கு அதே ஓட்டை வரணும். அதற்காகத்தான் கழற்றுவதற்கு முன்னால் இதில் ஒரு புள்ளி, அதில் ஒரு புள்ளி. சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனை ஆணியை வைத்துச் சுத்தியலால் ஆளுக்கொரு தட்டு. ரெண்டே தட்டு. அந்த பஞ்ச் லாரிக்கு அந்தப் பக்கம் டூல்ஸ் தட்டில் கிடந்தது. எடுக்கவேண்டுமென்றால் முதுகாலேயே ஊர்ந்து வெளியே போய், எழுந்து, சுற்றிக்கொண்டு போய், மறுபடி படுத்து ஊர்ந்து உள்ளே வரணும். அவனுக்கு ஒரு வேலைக்குள் புகுந்துவிட்டால் வெளியே வரப் பிடிக்காது, பசித்தாலும் சரி, ஒன்றுக்கு வந்தாலும் சரி. கவரில் ஒரு போல்ட்டுக்குப் பக்கத்தில் காக்கா எச்சம் மாதிரி பழைய கிரீஸ் காய்ந்து ஒட்டியிருந்தது. அதன் வால் சக்கரத்திலும் வழிந்திருந்தது. இதைவிட என்ன புள்ளி வேணும் என்று நினைத்தான். கழற்றினான். அதற்குப் பிறகு செய்ததை நினைக்கும்போதுதான் ஸ்டீயரிங்கிலேயே மண்டையை முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்: ரியாஸ் வந்து பார்த்தால் அசந்துபோகணும் என்று, கவரையும் சக்கரத்தையும் பெட்ரோல் துணியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று துடைத்தான். புது எவர்சில்வர் மாதிரி மின்னியது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். எச்சத்தைக் காணோம். அழுக்கை நம்பினான், அப்புறம் அவனே அந்த அழுக்கைக் கழுவினான். எட்டு ஓட்டை. எட்டும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு அவனைப் பார்த்தன.

எட்டில் ஒன்று. பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு என்று ஒரு பாடம் வரும். ஒரு பையில் எட்டுப் பந்து, ஒன்று சிவப்பு, மீதி வெள்ளை, பார்க்காமல் எடுத்தால் சிவப்பு வர வாய்ப்பு என்ன. அப்போது பூபதி கேட்டான், எதுக்கு சார் பார்க்காம எடுக்கணும், பார்த்தே எடுத்துட்டுப் போகலாமே. வகுப்பு சிரித்தது. சாரும் சிரித்தார், பிறகு அடித்தார். பள்ளிக்கூடத்தை விட்டதற்கு எல்லாரும் அவனிடம் ஒரு காரணம் கேட்டார்கள், வீட்டில் கஷ்டமா, சேர்க்கை சரியில்லையா, எவளாவதா என்று. காரணம் என்று ஒரு மண்ணும் இல்லை, ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். இப்போது பார், ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே இடத்தில் கால் வைத்து ஒரே முள்ளைப் பார்த்துக்கொண்டு, பார்க்காமல் எடுத்த பந்தை நினைத்துக்கொண்டு. ஒரு ஓட்டையைக் குத்துமதிப்பாக வைத்து மாட்டிவிட்டான். மாட்டும்போதே தெரியும், இது வெள்ளைப் பந்து என்று. இல்லை, அது பொய், மாட்டும்போது ஒன்றும் தெரியவில்லை, போயிடும் போயிடும் என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரியாஸ் அத்தர் வாசனையோடு திரும்பி வந்து குனிந்து பார்த்து, "புள்ளி?" என்றார். "ம்" என்றான். அது ஒரு வார்த்தைகூடக் கிடையாது. உதடு திறக்கவில்லை, நாக்கு அசையவில்லை, மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று போயிற்று. அந்தக் காற்றுதான் இப்போது ஒரு பத்துச் சக்கர லாரியைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்டார்ட் பண்ணி, நின்ற இடத்தில் மெதுவாக ஓடவிட்டபோது ஒரு உதறலும் இல்லை. அவன் சிவப்புப் பந்து என்றே நினைத்துவிட்டான். ராத்திரி ரெண்டு முட்டை பரோட்டா தின்றான். லோடு ஏற்றிப் போன லாரி உதறிக்கொண்டே திரும்பி வந்தது.

முன் கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டில், ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. சிவப்பு, மொச்சைக்கொட்டை அளவு. டிரைவர் நல்லசிவத்தின் சம்சாரம் ஒரே ஒரு தடவை இந்த லாரியில் ஏறி ஒகேனக்கல் போனபோது முகம் கழுவுவதற்காக எடுத்து ஒட்டியது, திரும்ப எடுத்து வைத்துக்கொள்ள மறந்துவிட்டது. அதிலிருந்து அவர் அதைத் துடைக்க விடுவதில்லை. பதினைந்தில் அது பொட்டாக இருந்தது. பதினாறில் கோடாகிவிட்டது. அதற்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலுக்குள் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது, எங்கேயோ ஒரு ஸ்பூன் டம்ளருக்குள் கிடந்து கிணுகிணுகிணுவென்று உயிரை வாங்கியது, பின்னால் படுக்கைப் பலகையில் நல்லசிவத்தின் ஜமக்காளம், மஞ்சள் பை, பருப்புப்பொடி டப்பா, ஆணியில் மாட்டிய சட்டை எல்லாம் அந்த ஆளே அங்கே படுத்து விக்கி விக்கி அழுகிற மாதிரி குலுங்கிக்கொண்டிருந்தன. பார்க்கக்கூடாது என்று பூபதி முள்ளைப் பார்த்தான். முள்ளைப் பார்த்தால் பொட்டு தெரிந்தது. ஒன்பது வருஷமாக அவர் இந்த வண்டியை ஓட்டுகிறார். ஓனர் மணியரசு முந்தாநாள் போனில் கத்தியது ஸ்பீக்கரில் பட்டறை முழுக்கக் கேட்டது: இன்ஜினுக்குள் சுற்றுகிற கிராங்க் தண்டு போயிருந்தால் அது டிரைவர் கைதான், தாறுமாறாக மிதித்திருக்கிறார், அப்படி இருந்தால் அவர் இனி வண்டியில் ஏறவேண்டாம். ரியாஸ் அதற்குச் சொன்னார், "ஏங்க, மொதல்ல வெளிய இருக்கறதெல்லாம் பாத்துருவோம். கிளட்ச் பக்கம் சந்தேகமே வேண்டாம், நம்ம பையன் கை, புள்ளி குத்தி மாட்டினது." நம்ம பையன் கை. அந்தக் கையைப் பூபதி தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொண்டான். அப்புறம் ஸ்டீயரிங்கைப் பிடிக்கணுமே என்று எடுத்தான். கால் நடுங்குகிறதா லாரி நடுங்குகிறதா என்று இப்போது தெரியவில்லை. ஒருவேளை காலாகவே இருக்கலாம். ஒருவேளை மூன்று நாளாக லாரி சரியாகத்தான் ஓடுகிறது, அவன் கால்தான் அதை உதறவைக்கிறது. அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும், காலை வெட்டிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

"டேய், கிளட்ச மிதி!" மிதித்தான். "மாறுதா?" மாறவில்லை. மாறாது. கிளட்ச்சை மிதித்தால் நடுவில் இருக்கிற பிளேட்டுதான் விடுபடும், கியர்பாக்ஸ் தனியாகப் போய்விடும். கவர் மட்டும் எப்போதும் சக்கரத்தோடு கட்டிக்கொண்டே சுற்றும், மிதித்தாலும் சுற்றும், விட்டாலும் சுற்றும், செத்தாலும் சுற்றும். இது ரியாஸுக்கும் தெரியும். ஆனால் கவர் புள்ளியில் உட்கார்ந்திருக்கிறது என்று அவர் நம்புவதால் அந்தப் பக்கமே அவர் யோசனை போகாது, வீட்டுக்குள் திருடனைத் தேடுகிறவன் தன் மடியில் படுத்திருக்கிற பிள்ளையைச் சந்தேகப்படாத மாதிரி. "மாறலைண்ணா!" என்று பூபதி கத்தினான். "நல்லாப் பாத்துச் சொல்றா! கொஞ்சங்கூட?" "கொஞ்சங்கூட மாறலைண்ணா!" சொன்னது அத்தனையும் நிஜம். ஒரு எழுத்துப் பொய்யில்லை. மூன்று நாளில் அவன் சொன்ன ஒரே முழு உண்மை அதுதான், அந்த உண்மைதான் நல்லசிவத்தின் கழுத்தில் போய் உட்காரப்போகிறது. அப்புறம் ரியாஸ் தனக்குத்தானே பேசுகிற மாதிரி, ஆனால் இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்கிற அளவுக்குச் சொன்னார்: "அப்ப பின்னாடி இல்ல. இன்ஜின் உள்ளதான்டா. கிராங்க்தான்." அந்த வார்த்தை தரை வழியாக, செருப்பு வழியாக, முழங்கால் வழியாக ஏறி வந்தது. கிராங்க்தான். கிராங்க் இல்லைண்ணா. கிராங்க்தான். கிராங்க் இல்லைண்ணா, கவர்ண்ணா, எட்டுல ஒண்ணுண்ணா. வாய்க்குள்ளேயே சொன்னான். பிறகு ஒன்று தோன்றியது, வாயைத் திறந்தே சொன்னால் என்ன, இந்தச் சத்தத்தில் எவன் காதில் விழும். திறந்து சொன்னான்: "நான் புள்ளி குத்தலைண்ணா." சாதாரணமாக, பக்கத்தில் இருப்பவனிடம் மணி கேட்கிற மாதிரி. யாருக்கும் கேட்கவில்லை. அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை, கன்னத்து எலும்பில் கொஞ்சம் அதிர்ந்தது, அவ்வளவுதான். ஒரு நொடி நெஞ்சில் இருந்த கல்லை எவனோ தூக்கின மாதிரி இருந்தது. அடுத்த நொடி அவனே திரும்ப வைத்துவிட்டான், முன்னைவிட அழுத்தி.

ஜன்னலில் நல்லசிவத்தின் முகம் வந்தது. படியில் ஒரு காலை வைத்து ஏறி, கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றார். "ஏங்கண்ணு, கால் மரத்துப் போயிருக்குமே. எறங்கு, நான் மிதிக்கறேன்." "வேண்டாங்ணா." "டீ சொல்லட்டா?" "வேண்டாங்ணா." "என்னத்தக் கேட்டாலும் வேண்டாங்கற. பொண்ணு பாக்கப் போறப்பவும் இப்படியே சொல்லிப்போடாத, கட்டையிலே போற வரைக்கும் தனியாத்தான் படுக்கோணும்." தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார், பூபதியும் சிரித்தான், முகத்தை வைத்துச் சிரித்தான். இவருக்கு எப்படிச் சிரிக்க முடிகிறது என்று எரிச்சலாக வந்தது. ஒன்றும் செய்யாதவன் எப்படி வேண்டுமானாலும் சிரிக்கலாம். அப்போது அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, தலையை உள்ளே நீட்டி, அவன் காதுப்பக்கம் வந்து சொன்னார்: "நாந்தானாட்ட இருக்குது கண்ணு." "என்னங்ணா?" "இந்த உதறல். நான்தான் பண்ணிப்போட்டேனாட்ட இருக்குது. மூணு நாளா யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். போன நடை, தொப்பூர் எறக்கத்துல, ஒரு காரு குறுக்க வந்துது. கொழந்தைக இருந்துது உள்ள. பிரேக்க நம்பாம டக்குனு கியரக் கொறைச்சுப்போட்டேன். இன்ஜின் வீல்னு கத்துச்சு பாரு, முள்ளு செவப்புக்கே போயிருச்சு. ரெண்டு நொடி இருக்கும். அதுலதான் உள்ள என்னமோ ஆயிப்போச்சு." "அதுல ஆகியிருக்காதுங்ணா." வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. நல்லசிவம் அவனைப் பார்த்தார். "உனக்கெப்படிடா தெரியும்?" முள் பதினேழுக்குப் போயிற்று. கீழேயிருந்து ரியாஸ், "டேய், எங்க போற!" என்று கத்தினார். பதினாறுக்குக் கொண்டுவந்தான். "சும்மா சொன்னேங்ணா." "நீ நல்ல பையன்" என்றார் நல்லசிவம். கதவை ரெண்டு தட்டுத் தட்டினார். ரெண்டே தட்டு. "அன்னைக்கே ஓனருகிட்டச் சொல்லீருக்கோணும், பயந்துட்டேன். இன்னைக்கு வாரேன்னாரு. வந்தா சொல்லிப்போடறேன். மனசுல வெச்சுக்கிட்டு லோடு ஓட்ட முடியாது கண்ணு, தூக்கம் வரமாட்டேங்குது." இறங்கிப் போனார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவது பக்கத்துக் கண்ணாடியில் தெரிந்தது. கண்ணாடி ஆடியதில் அவர் நாலு ஆளாகப் போனார்.

இந்த மனுஷன் தான் செய்யாததை எங்கிருந்தோ தோண்டி எடுத்து, துடைத்து, இது என்னுடையது என்கிறார். செய்தவன் கவரைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். ரெண்டு நொடி இன்ஜின் கத்தினால் ஒன்றும் ஆகாது, இந்த இன்ஜினெல்லாம் அதைவிடப் பெரிய அடி வாங்கினது, இதைச் சொல்வதற்குப் பூபதிக்கு வாய் இருந்தது, ஆனால் அடுத்த கேள்வி வரும், அப்படின்னா எதால? எல்லா வழியும் அந்தக் கேள்வியில் போய் முட்டியது. முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு அறையோடு போயிருக்கும், கெட்டவார்த்தை ரெண்டு, அப்புறம் எல்லாரும் சேர்ந்து கியர்பாக்ஸை இறக்கி, கவரைத் திருப்பித் திருப்பி மாட்டிப் பார்த்திருப்பார்கள். ரெண்டாம் நாள் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். மூன்றாம் நாள் சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியவில்லை, இதற்குமேல் போகிற அளவுக்கு அவனிடம் என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை, ஆனாலும் ஒவ்வொரு நாளும் அந்த 'ம்' ஒரு கல் கனம் ஏறிக்கொண்டே வந்தது. அவனே ராத்திரி வந்து யாருக்கும் தெரியாமல் இறக்கிப் பார்க்கலாம் என்றுகூட யோசித்தான். கியர்பாக்ஸ் கனம் என்ன, ஜாக்கி பிடிக்க ஆள் யார், எட்டு ஓட்டைக்கு எட்டுத் தடவை ஏற்றி இறக்கினால் ஒரு வாரம் ஆகும். அதுவும் நல்லசிவம் லாரியிலேயே படுத்துத் தூங்குகிறார். நேற்று முனியப்பனுக்குச் சேவல் நேர்ந்துகொண்டான். நேர்ந்த கையோடு அவனுக்கே சிரிப்பு வந்தது, சேவலை வாங்கிக்கொண்டு முனியப்பன் என்ன அருவாளை வைத்துவிட்டு லாரிக்கு அடியில் படுத்து போல்ட்டா கழற்றுவார். முதுகு வேர்த்து சட்டை சீட்டோடு ஒட்டியது. வெயில் தகரக் கூரையிலிருந்து நேராக இறங்கியது. ஸ்பூன் கிணுகிணுத்தது. எழுந்து போய் அந்த ஸ்பூனை டம்ளரிலிருந்து எடுத்து வீச முடிந்தால் போதும், பாதி நிம்மதி. ஆனால் காலை எடுக்கக்கூடாது, அவர் சொல்லும் வரைக்கும் எடுக்கக்கூடாது. பார், இந்த ஒன்றை மட்டும் எவ்வளவு ஒழுங்காகக் கேட்கிறான்.

புல்லட் ஒன்று வந்து நின்றது. சத்தம் கேட்கவில்லை, தூசி எழுந்ததைத்தான் பார்த்தான். ஓனர் மணியரசு ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு வந்தார். ரியாஸ் லாரிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, துணியில் கை துடைத்தார். மூன்று பேரும் லாரிக்கு முன்னால், நேர் எதிரில், வேப்பமரத்து நிழலில் நின்றார்கள். முன் கண்ணாடி பெரிய திரை மாதிரி, படம் ஓடுகிறது, ஒலி இல்லை. ரியாஸ் ஒரு விரலால் இன்ஜினைக் காட்டினார், பிறகு கையை வட்டமாகச் சுற்றினார், கிராங்க். ஓனர் இடுப்பில் கை வைத்தார். நல்லசிவம் ஓரடி முன்னால் வந்து துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பூபதி ஸ்டீயரிங்கை இறுக்கினான். சொல்லாதீங்க. அவர் கையைச் சாய்வாகப் பிடித்து மேலிருந்து கீழே இறக்கினார், தொப்பூர். சொல்லாதீங்கண்ணா, அது இல்லைண்ணா. இன்னொரு கையைக் குறுக்கே கொண்டுவந்தார், கார். இடது கை கியர் பிடித்துக் கீழே இழுத்தது. ரெண்டு விரலைக் காட்டினார், ரெண்டு நொடி. ஓனர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கத்துகிற ஆள் கத்தவில்லை, தலையை மட்டும் ஒரு பக்கமாக ஆட்டினார், தெரியும் எனக்கு, அப்பவே தெரியும் என்கிற மாதிரி. ஏதோ சொன்னார். நாலைந்து வார்த்தைதான் இருக்கும். நல்லசிவம் தலையை ஆட்டினார். சரிங்க என்று உதடு அசைந்தது. அவர் அழவில்லை, கெஞ்சவில்லை, குற்றத்தைச் சொல்லிவிட்ட மனுஷனுக்கு முகத்தில் வருமே ஒரு லேசான தெளிவு, அது வந்திருந்தது. அந்தத் தெளிவு பூபதிக்குச் சேரவேண்டியது. அதையும் அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். "நான் புள்ளி குத்தலை" என்று பூபதி கத்தினான். இந்தத் தடவை உண்மையாகவே கத்தினான், தொண்டை வலித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை. ஓனர் மட்டும் ஒரு தடவை லாரியை நிமிர்ந்து பார்த்தார், அவனையில்லை, லாரியை.

ரியாஸ் வந்தார். படியில் ஏறவில்லை, கீழே நின்றபடியே கதவில் உள்ளங்கையால் அறைந்தார். கண்ணோரம் கிரீஸ் அப்பியிருந்தது, ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டுக் கேட்டுக் காது சிவந்து கிடந்தது. தோற்றுப்போன முகம். பதினஞ்சு வருஷமாக இந்த வேலை பார்க்கிற ஆள், ஒரு உதறலிடம் தோற்ற முகம். "போதும்டா, காலை எடு! ஆஃப் பண்ணு! இன்ஜின இறக்கிப் பிரிச்சுரலாம்!" பூபதி அவரைப் பார்த்தான். "காது கேக்குதா? ஆஃப் பண்ணிட்டு, பின்னாடி நல்லசிவம் சாமான் இருக்கு பாரு, பை, ஜமக்காளம் எல்லாம், எடுத்துக் கீழ அவருகிட்டக் குடுத்துரு. அவரு ஊருக்குப் போறாரு." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் வேறு பக்கம் பார்த்தார். நல்லசிவம் கதவுக்கு ரெண்டடி தள்ளி, சாமானை வாங்கிக்கொள்வதற்காக ரெண்டு கையையும் நீட்டத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார், பஸ்ஸிலிருந்து குழந்தையை இறக்கிக் கொடுத்தால் வாங்குவதற்கு நிற்பார்களே அப்படி. "அந்தப் பொடி டப்பா மூடி லூசு கண்ணு, பாத்து எடு" என்று அவர் சொன்னது உதட்டில் தெரிந்தது.

டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்டாப்பர் குமிழ் இருந்தது. அதை இழுத்தால் டீசல் அறுந்து, இன்ஜின் ரெண்டு குலுக்குக் குலுக்கிச் செத்துவிடும். பூபதி கையை அதன்மேல் வைத்தான். வழவழவென்று தேய்ந்த குமிழ், ஒன்பது வருஷம் நல்லசிவத்தின் கை தேய்த்தது. இழுத்தால் சத்தம் நிற்கும். சத்தம் நின்றால் வேப்பமரத்தில் காக்கா கத்துவது கேட்கும், பைபாஸில் வண்டி போவது கேட்கும், ஓனர் தொண்டையைக் கனைப்பது கேட்கும், மூன்று பேரும் இத்தனை பக்கத்தில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவன் எது சொன்னாலும் கேட்கும். எதுவும் சொல்லாவிட்டால் அதுவும் கேட்கும். இந்த ஓட்டம் ஓடுகிற வரைக்கும் எவனும் இதில் ஸ்பேனர் வைக்க முடியாது, ஜமக்காளம் கீழே இறங்காது, அந்த மனுஷன் பஸ் ஏறமாட்டார். எவ்வளவு நேரம். டேங்க்கில் பாதி டீசல் இருக்கிறது. பாதி டேங்க் டீசல் எவ்வளவு நேரம் ஓடும் என்று ஒரு கணக்கு ஓடியது, பாதியில் அறுந்தது. "டேய் பூபதி! என்றா ஆச்சு உனக்கு? காலை எடுறா!" ரியாஸ் மறுபடி கதவை அறைந்தார், இன்னொரு தடவை அறைந்தார். பொட்டு கோடாகிப் பொட்டாகிக் கோடாகிக்கொண்டிருந்தது. முள் பதினாறிலேயே நின்றது, ஒரு மயிரிழை ஏறாமல் இறங்காமல்; மூன்று நாளில் ஒரு தடவைகூட அவன் இவ்வளவு சுத்தமாகப் பிடித்ததில்லை. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதே என்று சொல்லியிருந்தார். இப்போது சொல்லிவிட்டார். அவன் எடுக்கவில்லை.